யார் போட்ட பிரேக்

வாயை மூடிக்கொண்டு இன்னும் அரை நிமிஷம் தூங்கியிருந்தால் போதும், மாஸ்டர் கோர்ட் படியே ஏறியிருக்க வேண்டாம். ஆனால் அந்த மனுஷனின் வாய் அப்படிப்பட்டதா? உடம்பெல்லாம் அசந்து தூங்கினாலும் வாய் மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். அந்த வாய்தான் அவரைக் கொண்டுபோய்க் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

மாஸ்டர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். பெரிதாகக் கட்டடம், போர்டு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் ஒரு சிவப்புப் பலகை, பலகையில் அவர் போன் நம்பர். அவ்வளவுதான் ஸ்கூல். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலப் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். படிக்க வந்தவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடும் நேரத்தில் மாஸ்டர் இந்தப் பக்கமிருந்து மிதித்து எல்லோரையும் காப்பாற்றுவார். வங்கி மேனேஜர், பல் டாக்டர், துணிக்கடைக்காரர் என்று பாதி ஊர் அவரிடம்தான் ஓட்டப் படித்தது. பயந்துபோய்ப் பாதியில் நின்றவர் ஒருவர்கூடக் கிடையாது. முதல் வாரத்திலேயே "எனக்கு வந்துடுச்சு மாஸ்டர்!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்குவார்கள்.

மனைவிக்குக் கற்றுக்கொடுத்த கதை மட்டும் வேறு. ஊருக்கெல்லாம் சர்க்கரையாகப் பேசும் வாய், அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மிளகாயாகிவிடும். "கண்ணு எங்க இருக்கு? கால் எங்க இருக்கு? நான் மட்டும் மிதிக்கலைன்னா இந்நேரம் நாம ரெண்டு பேரும் போட்டோவுல இருப்போம்!" அவள் பதில் பேசாமல் படித்தாள். இரண்டு தடவை டெஸ்டில் தவறி, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினாள். வாங்கி ஒரு மாதம் ஆகியும் சாவி அவள் கைக்கு வரவில்லை.

சாவி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளுடைய அண்ணன் வீட்டில். அண்ணனுக்கு வேலையில் உயர்வு கிடைத்ததற்காக விருந்து. மச்சான் ஊற்றினார், மாஸ்டர் குடித்தார். மாதக்கணக்கில் தொடாதவர்தான், ஆனால் மச்சான் தன் கையால் ஊற்றும்போது எப்படி மறுப்பது? கிளம்பும்போது அவரே சாவியை நீட்டினார். "நீயே எடு. நான் பக்கத்துல இருக்கேன்ல." பக்கத்தில் இருந்தார்தான். முதல் திருப்பம் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

நாலு ரோடு சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், சந்துக்குள்ளிருந்து ஒரு ஆள் சைக்கிளில் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் குறுக்கே வந்தார். அவள் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் கையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கேன்கூடச் சரியவில்லை. சந்திப்பில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் பார்த்துவிட்டு வந்தார். பிடிக்க வரவில்லை. ஜன்னலில் குனிந்து, "சபாஷ்மா. நல்ல பிரேக். அந்த ஆளுக்கு இன்னைக்கு ஆயுசு கெட்டி" என்றார்.

அந்தச் சபாஷ்தான் மாஸ்டர் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தார். என்ன நடந்தது, எங்கே நிற்கிறோம், ஒன்றும் தெரியாது. ஆனால் தன் காரில் யாரோ யாருக்கோ சபாஷ் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

"அவ எங்க சார் போட்டா? நான்தான் போட்டேன்! அவ சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு இருக்கா. வண்டி மொத்தமும் என் கால்ல இருக்கு சார், சத்தியமா!"

வாய் திறந்ததும் விருந்து முழுவதும் ஜன்னல் வழியாக வெளியே வந்தது. போலீஸ்காரர் மூக்கைச் சுருக்கினார். "அப்ப வண்டி உங்க கன்ட்ரோல்லதான் இருந்துச்சுன்னு சொல்றீங்க?"

"பின்ன?" என்றார் மாஸ்டர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவியை எடுத்து வந்துவிட்டார்.

குடித்துவிட்டு வாகனத்தைக் கட்டுப்படுத்தியது. குற்றச்சாட்டு அதுதான். முதல் தடவைதானே, ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார் என்று பார்த்தவரெல்லாம் சொன்னார்கள். சொல்வது சுலபம். ஒத்துக்கொண்டால் லைசென்ஸ் ஆறு மாதம் போகும், திரும்பி வரும். ஆனால் கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் என்று ஒன்று தனியாக இருக்கிறது. குடி வழக்கில் குற்றவாளி என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் அது ஒரேயடியாகப் போய்விடும். அதற்கப்புறம் அந்த வெள்ளைக் காரில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது?

வக்கீலைப் பார்க்கப் போனார். கோர்ட் படியிலேயே ஒருவர் கேஸ் என்னவென்று கேட்காமல் தொகையைச் சொன்னார். இன்னொருவர் கேஸை முழுசாகக் கேட்டுவிட்டு அதைவிட அதிகமாகச் சொன்னார். காரை விற்றால் இரண்டாமவருக்குக் கொடுக்கலாம். காரைக் காப்பாற்றக் காரை விற்பதா?

இலவச சட்ட உதவி அலுவலகம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போய், ஆடாத நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து, காலை முழுவதும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் குமாஸ்தா கூப்பிட்டார்.

"சொத்து ஏதாவது இருக்கா?"

"வாடகை வீடுதாங்க. ஒரு கார் இருக்கு."

"கார் வச்சிருக்கீங்களா? இது இல்லாதவங்களுக்குங்க."

"ஐயா, அந்தக் கார்தாங்க எனக்குச் சோறு போடுது. கேஸ் தோத்தா அதை ஓரமா நிறுத்திட வேண்டியதுதான். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

குமாஸ்தா கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "அப்படி ஓரமா நிறுத்தினப்புறம் அதை வித்துட்டு வாங்க. அப்ப உங்களுக்குத் தகுதி வந்துடும்."

கேலி செய்கிறாரா என்று மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். கேலியாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இல்லை, அந்த ஆள் அக்கறையோடுதான் சொன்னார். வெளியே வந்து காரில் ஏறி, கதவை மூடிக்கொண்டு, மாஸ்டர் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தார். ஹாரன் அலறியது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் திட்டினார். அதையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டிலோ அதைவிட மோசம். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். பேசாமலும் இல்லை. தட்டை வைக்கும்போது, "அந்த பிரேக்கை நான்தான் போட்டேன்" என்பாள். தண்ணீர் வைக்கும்போது இன்னொரு தடவை. "சரி, சரி, கோர்ட்ல வந்து சொல்லு" என்பார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தான் தூங்கிக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். போலீஸ்காரரின் சபாஷில்தான் முழிப்பு வந்தது. அதைச் சொல்லிவிட்டால் பாதி கேஸ் முடிந்தது. ஆனால் சொல்ல முடியவில்லையே! குடித்தேன் என்று சொல்வார், உளறினேன் என்று சொல்வார். நான் உதவாமலேயே என் மனைவி வண்டியை நிறுத்தினாள் என்பது மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டு நின்றது. இந்த வீம்புக்கு என்ன பெயர் வைப்பது?

வக்கீல் இல்லாமல் தானே வாதாடுவது என்று முடிவானது. சலவைச் சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு, கூடவே அவள். கோர்ட் அறையில் மின்விசிறி சுற்றிய வேகத்துக்குக் காற்று வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மேலே மாஜிஸ்திரேட் அம்மா, கீழே அரசு வக்கீல். அந்த வக்கீலின் மேஜையில் அன்றைக்கு வேண்டிய கேஸ் கட்டுகள் அடுக்கி இருந்தன. மாஸ்டருடையது எல்லாவற்றிலும் மெலிசு.

போலீஸ்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார். "'நான்தான் பிரேக் போட்டேன், வண்டி என் கால்ல இருக்கு'ன்னு இவரே சொன்னாரும்மா. வாடை வந்துச்சு. ஊதச் சொன்னேன். அளவு தாண்டி இருந்துச்சு."

"சாட்சியை ஏதாவது கேக்கணுமா?" என்றார் மாஜிஸ்திரேட்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "மேடம், நான் இந்தத் தொழில்ல இருபது வருஷமா இருக்கேன். எத்தனையோ பேருக்கு..."

"கேள்வி கேளுங்க. சொற்பொழிவு வேண்டாம்."

"அவரை என்ன மேடம் கேக்கறது? அவர் சொன்னது எல்லாமே நிஜம்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "கேள்வி இல்லை" என்று மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டார். மாஸ்டருக்குக் காது சூடானது. பேசினால் பேசாதே என்கிறார்கள், பேசாவிட்டால் கேள்வி இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் எப்போது கிளட்ச், எப்போது கியர் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் அல்லவா தெரியும்!

அடுத்து அவள் கூண்டில் ஏறினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். "நான்தாங்க வண்டி ஓட்டினேன். நான்தாங்க பிரேக் போட்டேன். இவர் எதையும் தொடலை."

அரசு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் கார்ல ரெண்டு பிரேக் இருக்கில்லையா? அவர் மிதிச்சா உங்க பெடலும் கூடவே கீழே போகும். அவர் போட்டாரா, நீங்க போட்டீங்களான்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் மிதிச்சா எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா? அவர்கிட்ட படிக்கிற மத்தவங்களுக்குத் தெரியுமா? அவர் மிதிச்சா பளிச்சுன்னு தெரிஞ்சிடுமோ?"

இங்கேதான் விழுந்தது அடி. கேள்வி அவளுக்கு. ஆனால் அது விழுந்தது மாஸ்டரின் கால் மேல். இத்தனை வருஷமாகத் தேய்த்து மெருகேற்றிய காலைப் பற்றி, மிதித்தால் பளிச்சென்று தெரியுமாம்! அவர் எழுந்துவிட்டார்.

"யாருக்கும் தெரியாது சார்! அதுதானே என் வித்தையே! அவங்க கால் எப்ப இறங்குதோ அதே நேரம் நானும் பூ மாதிரி மிதிச்சு விட்டுடுவேன். வண்டி நின்னதும் 'சபாஷ், நீங்களே போட்டுட்டீங்க'ன்னு சொல்வேன். அவங்களும் அப்படியே நம்பிடுவாங்க. அப்பத்தான் சார் தைரியம் வரும். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கண்டுபிடிச்சதில்லை!"

"உக்காருங்க!" என்றார் மாஜிஸ்திரேட். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஐயோ, ஐயோ!

"ரொம்ப நன்றி மாஸ்டர்" என்றார் அரசு வக்கீல், உண்மையிலேயே நன்றியோடு. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களேம்மா. இப்ப சொல்லுங்க. அன்னைக்கு பிரேக் போட்டது நீங்கதான்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குப் பழக்கம்தான். இது வேறு பார்வை. டெஸ்டுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்து மேட்டில் வண்டியை உருளாமல் நிறுத்தியது, மார்க்கெட் தெருவில் ஆட்டோவுக்குப் பின்னால் நிறுத்தியது, எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலக் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"தெரியலைங்க" என்றாள்.

"அவ்வளவுதான்மா" என்று அரசு வக்கீல் உட்கார்ந்தார்.

லைசென்ஸ் போயிற்று, கார் போயிற்று என்று மாஸ்டருக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் கூண்டிலிருந்து இறங்கிய விதம்தான் கண்ணில் நின்றது. படியில் கால் வைக்குமுன் குனிந்து காலைப் பார்த்து வைத்தாள். முதல் நாள் கிளட்ச் எது, பிரேக் எது என்று குனிந்து குனிந்து பார்ப்பாளே, அதேபோல.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது அவர் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

"மேடம், நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றார்.

"என்ன?"

"நல்லாத் தூங்கிட்டு இருந்தேன் மேடம். அவதான் ஓட்டினா, அவதான் நிறுத்தினா. வண்டி நின்னதுகூட எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் அவளுக்குச் சபாஷ் சொன்ன சத்தத்துலதான் முழிச்சேன். எனக்குப் பொறுக்கலை. நான் போட்டேன்னு சொல்லிட்டேன்."

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எதை நம்பறது?"

"தூங்குறப்ப யாரும் பொய் சொல்ல மாட்டாங்க மேடம். எந்திரிச்சப்புறம்தான் சொன்னேன்." இந்தத் தடவை சிரித்தவர்களை அவர் கவனிக்கவில்லை. "அப்புறம் அந்த வித்தை. அதைக் காசு கொடுத்துப் படிக்க வர்றவங்களுக்குத்தான் செய்வேன். இவளுக்கு ஒரு நாளும் செஞ்சதில்லை. இவளுக்குத் தலைகீழ். அவ சரியா மிதிச்சா, நான்தான் மிதிச்சேன்னு சொல்வேன். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் என் பிரேக்கைக் கொடுத்தேன். இவகிட்ட இருந்து எடுத்துக்கிட்டேன்."

அரசு வக்கீல் பேனாவை மூடியிருந்தார். மாஜிஸ்திரேட் அம்மா இவரை நம்பலாமா, வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தப் போலீஸ்காரரை இப்ப ஒரு கேள்வி கேக்கலாமா?"

"அப்பவே கேட்டிருக்கணும்." பெருமூச்சு விட்டார். "சரி. ஒண்ணே ஒண்ணு."

போலீஸ்காரர் மறுபடி ஏறினார். மாஸ்டர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார், பிறகு கூப்பக் கூடாதோ என்று கையை இறக்கினார். "சார், நீங்க ஜன்னல்ல குனிஞ்சப்ப என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

போலீஸ்காரர் நெற்றியைச் சுருக்கினார். "மூஞ்சி... ஒரு பக்கக் கன்னத்துல மேலேயிருந்து கீழ வரைக்கும் பட்டையா ஒரு தடம் இருந்துச்சு. அடிபட்டிருக்கோன்னு முதல்ல நினைச்சேன். சட்டைக் காலர்ல எச்சில்கூட வழிஞ்சிருந்துச்சு."

"சீட் பெல்ட்" என்றாள் அவள் பெஞ்சிலிருந்து, யாரிடமும் கேட்காமல். "எந்த வண்டியில ஏறினாலும் பெல்ட்டுல கன்னத்தை வச்சுத்தான் தூங்குவாருங்க. எச்சில் வேற. எத்தனை சட்டை துவைச்சிருக்கேன்."

மாஜிஸ்திரேட் அம்மாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அதை அடக்கிக்கொண்டு கேஸ் கட்டில் எழுதினார். கன்னத்தில் தடம் பதியும் அளவுக்குத் தூங்கியவர் வசம் வண்டி இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, வழக்குத் தள்ளுபடி. போலீஸிடம் பொய் சொன்னதற்குக் கடுமையான எச்சரிக்கை. "அடுத்த கேஸ்" என்றார், தலையைத் தூக்காமல்.

வெளியே வெயிலில் கண் கூசியது. கார் மரத்தடியில் நின்றது, தலையில் சிவப்புப் பலகையோடு. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. "தப்பிச்சோம்மா" என்றார். "ஒரு வக்கீலும் இல்லாம தப்பிச்சோம் பாரு!"

அவள் நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"எனக்கு ஒரு நாளும் அப்படி பூ மாதிரி மிதிச்சதில்லைன்னு உள்ள சொன்னீங்களே. அது நிஜமா, இல்ல லைசென்ஸுக்காகச் சொன்னதா?"

"நிஜம்மா. சத்தியமா."

"போலீஸ்காரர்கிட்டயும் இப்படித்தான் சத்தியம் பண்ணீங்க."

அவர் வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார்.

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். பின் கதவைத் திறந்தாள். "ஏறுங்க."

"பின்னாடியா? நான் எதுக்கு பின்னாடி?"

"அங்கதான் பெடல் இல்லை."

ஏறினார். சொந்தக் காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. அங்கிருந்து பார்த்தால் ரோடு பாதிதான் தெரிந்தது. அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட்டைப் போட்டாள், வண்டியை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டு முனையில் ஒருவர் குறுக்கே இறங்கியபோது மாஸ்டரின் கால் தானாகத் தரைவிரிப்பை மிதித்தது. ஸ்பீடு பிரேக்கரில் மிதித்தது. வளைவில் மிதித்தது. 'மூணாவது கியர், மூணாவது கியர்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

நாலு ரோடு சந்திப்பில், சிக்னல் மாறும் நேரத்தில், முன்னால் போன பஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. மாஸ்டர் முழுப் பலத்தோடு தரையை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. பஸ்ஸின் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் நெற்றி முன் சீட்டில் மோதியது.

பிறகு அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

"இது யாரு போட்டது?"

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீதான்மா."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். சிக்னல் பச்சையாகி, பஸ் நகர்ந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டியை எடு என்று மாஸ்டர் சொல்லவில்லை.